ஆல்பன் பெர்க்

ஆல்பன் பெர்க் (பிப்ரவரி 9, 1885 - டிசம்பர் 24, 1935) ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கிய ஆர்னோல்ட் ஷோன்பெர்க்கின் மாணவர் இவர். ஷோன்பெர்க், பெர்க், ஆன்டன் வெபர்ன் ஆகிய மூவரும் இரண்டாம் வியன்னா இசைப்பள்ளி என்ற பெயரால் குறிக்கப்படுகின்றனர். முதல் வியன்னா இசைப்பள்ளி என்பது ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் ஆகியோரைக் குறிக்கும்.

பெர்க் இரண்டு ஆப்பெராக்களை இயற்றினார். முதலாவது வோட்செக் (1925இல் அரங்கேறியது). இரண்டாவது லூலூ. பன்னிரு சுர முறையில் எழுதப்பட்ட ஆப்பெராக்களில் லூலூவே உலக அரங்குகளில் நிலைத்த இடம் பெற்றது எனலாம். ஆனால் பெர்க் அதை மேடையில் காணவில்லை. அதன் மூன்றாம் அங்கத்துக்கு வாத்திய அமைப்பை முழுமையாக எழுதி முடிக்கும் முன் அவர் இறந்தார். முழு ஆப்பெரா அரங்கேற மேலும் 43 ஆண்டுகள் ஆயின.

இளமை

பெர்க் வியன்னா நகரில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் நான்கு குழந்தைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். தந்தை கான்ராட் பெர்க் ஏற்றுமதி வணிகர். தாய் ஜோஹன்னா. ஆஸ்திரியாவின் தெற்கே கரிந்தியா மாநிலத்தில், ஓசியாக் ஏரிக்கரையில் குடும்பத்துக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. கோடை விடுமுறைகளை அங்கேயே கழித்தனர்.

1900ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தந்தை இறந்தார். குடும்பத்தின் வருவாய் குறைந்தது. அதே ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பெர்க்குக்கு முதன்முறையாக ஆஸ்துமா கண்டது. இந்நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 23 என்ற எண் தன் வாழ்வோடு பிணைந்தது என்ற நம்பிக்கை அவருக்கு இதிலிருந்தே உண்டானது. பிற்காலத்தில் தமது படைப்புகளின் சுரக்கோவைகளையும் கதிகளையும் இந்த எண்ணைக் கொண்டே அளந்து அமைத்தார்.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. இலக்கியத்தில்தான் ஆர்வம் மிகுதியாக இருந்தது. 1902இல், வீட்டில் பணிபுரிந்த பெண்ணுக்கும் அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். மறு ஆண்டு பள்ளி இறுதித் தேர்வில் தோல்வியுற்றார். மனமுடைந்து தற்கொலைக்கும் முயன்றார். 1904இல் ஒருவழியாகத் தேர்ச்சி பெற்று, கீழ் ஆஸ்திரிய மாநில அரசில் கணக்குப் பிரிவில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். அப்போது அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர். தாமே முயன்று பல பாடல்களை மட்டும் எழுதி வைத்திருந்தார்.

ஷோன்பெர்க்கிடம் மாணவராக

1904ஆம் ஆண்டு, மாணவர்களைச் சேர்ப்பதாக ஷோன்பெர்க் நாளிதழில் விளம்பரம் செய்திருந்தார். பெர்க்கின் அண்ணன் சார்லி, தம்பிக்குத் தெரியாமல் அவருடைய பாடல்களை எடுத்துச் சென்று ஷோன்பெர்க்கிடம் காட்டினார். அவற்றில் இருந்த ஆற்றலைக் கண்ட ஷோன்பெர்க், கட்டணம் வாங்காமலேயே பெர்க்கை மாணவராக ஏற்றுக்கொண்டார். 1906இல் குடும்பத்துக்கு ஒரு சொத்து வந்து சேர்ந்ததால் பெர்க் அரசுப் பணியை விட்டு முழுநேரமும் இசையில் ஈடுபட முடிந்தது. 1911 வரை அவர் ஷோன்பெர்க்கிடம் பயின்றார். பியானோ சொனாட்டா (படைப்பு எண் 1), நரம்பிசை நால்வர் குழுவுக்கான படைப்பு (படைப்பு எண் 3) ஆகியவை இக்காலத்தின் விளைவுகள்.

1911 மே 3 அன்று பாடகியான ஹெலெனே நஹோவ்ஸ்கியைத் திருமணம் செய்து கொண்டார். இத்தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை.

1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரியில் பெர்க்கின் ஐந்து பாடல்களுள் இரண்டு இடம்பெற்றன. பீட்டர் ஆல்டன்பெர்க் அஞ்சலட்டைகளில் எழுதிய சிறு கவிதைகளுக்கு, மிகப் பெரிய வாத்தியக் குழுவுடன் இசையமைக்கப்பட்ட பாடல்கள் அவை. அவையினர் கூச்சலிட்டனர். கைகலப்பு மூண்டது. காவலர்கள் வரவழைக்கப்பட்டனர். கச்சேரி பாதியிலேயே நின்றது. அந்த ஐந்து பாடல்களும் பெர்க்கின் வாழ்நாளில் முழுமையாக நிகழ்த்தப்படவில்லை.

வோட்செக்

1914 மே மாதம் வியன்னாவில் கேயார்க் பியூக்னர் எழுதிய நாடகம் ஒன்றை பெர்க் பார்த்தார். பியூக்னர் 1837இல் தமது 23ஆம் வயதில் இறந்தவர். நாடகம் துண்டு துண்டான காட்சிகளாகவே எஞ்சியிருந்தது. லைப்சிக் நகரில் உடன் வாழ்ந்த பெண்ணைக் கொன்றதற்காக 1824இல் மரண தண்டனை பெற்ற வொய்செக் என்ற ஏழையின் உண்மைக் கதையே அதன் கரு. மங்கிப்போன கையெழுத்துப் படியைப் படித்த முதல் பதிப்பாசிரியர் பெயரைத் தவறாகப் படித்ததால் வோட்செக் என்ற வடிவம் வழங்கலாயிற்று. பெர்க்கும் அப்பெயரையே கொண்டார்.

நாடகத்தை இசையாக்க வேண்டும் என்று பெர்க் உடனே முடிவு செய்தார். ஆனால் முதல் உலகப்போர் குறுக்கிட்டது. 1915இல் படையில் சேர்க்கப்பட்ட அவர், பயிற்சியின்போது உடல்நலம் குன்றி வீழ்ந்தார். பிறகு போர் முடியும் வரை வியன்னாவில் போர் அமைச்சக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். மேலதிகாரிகளின் கட்டளைகளுக்கு எதிர்ப்பேச்சின்றி அடிபணிய வேண்டிய சிப்பாயின் நிலையை அவர் நேரில் அறிந்தது இக்காலத்தில்தான்.

வோட்செக் கதையில், வறுமையில் வாடும் சிப்பாய் ஒருவன் படைத்தலைவனுக்குச் சவரம் செய்கிறான். சில காசுகளுக்காக ஒரு மருத்துவரின் சோதனைக்கு உடன்பட்டு அவரை மட்டுமே தின்கிறான். அவனுடைய குழந்தைக்குத் தாயான மேரி வேறொருவனோடு பழகுவதை அறிந்து, அறிவு கலங்கி அவளைக் கொல்கிறான். தானும் குளத்தில் மூழ்கி இறக்கிறான். தாய் இறந்த செய்தி புரியாத குழந்தை மரக்குதிரை ஆட்டத்தைத் தொடர்வதோடு ஆப்பெரா முடிகிறது.

மூன்று அங்கங்களும் 15 காட்சிகளும் கொண்ட இப்படைப்பில் ஒவ்வொரு காட்சியும் ஓர் இசை வடிவத்தில் அமைந்துள்ளது. இரண்டாம் அங்கம் ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனி. மூன்றாம் அங்கத்தின் காட்சிகள் ஒரு சுரம், ஒரு தாளக்கட்டு, ஆறு சுரங்கள் கொண்ட ஓர் ஒத்திசை என ஏதேனும் ஒன்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வளர்கின்றன. கொலைக் காட்சி முழுவதும் ஒரே சுரம் வெவ்வேறு வாத்தியங்களில் ஒலித்துக்கொண்டே இருக்கும். முடிவில் வாத்தியக் குழு முழுவதும் அந்த ஒரு சுரத்தையே எழுப்பும். இந்த அமைப்புகளை ரசிகர்கள் கவனிக்க வேண்டியதில்லை, வோட்செக்கின் விதியை மட்டும் உணர்ந்தால் போதும் என்பதே பெர்க்கின் கருத்து.

1922இல் ஆப்பெரா முடிந்தது. பதிப்பிக்க யாரும் முன்வராததால், இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் மனைவி அல்மா மாலரின் உதவியுடன் பெர்க் தாமே அதன் பியானோ வடிவத்தை வெளியிட்டார். நூல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1925 டிசம்பர் 14 அன்று பெர்லின் அரசு ஆப்பெராவில் எரிக் கிளைபர் வோட்செக்கை அரங்கேற்றினார். 1926இல் பிராக் நகரில் எதிர்ப்பாளர்கள் அமளி செய்ததால் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் 1927இல் லெனின்கிராட், 1930இல் வியன்னா, 1931இல் அமெரிக்காவின் பிலடெல்பியா என ஆப்பெரா பரவியது. அதன் வருவாயில் பெர்க் சில ஆண்டுகள் கவலையின்றி வாழ்ந்தார். ஒரு ஃபோர்டு மகிழுந்தும், வோர்தர் ஏரிக்கரையில் ஒரு வீடும் வாங்கினார்.

வோட்செக் பன்னிரு சுர முறையில் எழுதப்பட்டது அன்று. அது எழுதப்பட்ட காலத்தில் அம்முறை இன்னும் உருவாகவில்லை. எனினும் மருத்துவர் தோன்றும் காட்சி, பன்னிரண்டு சுரங்களும் கொண்ட ஒரு கருவின் மீது 21 மாறுபாடுகளாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பன்னிரு சுர முறை

ஒரு சுர மண்டலத்தில் 12 சுரத்தானங்கள் உள்ளன என்பது கருநாடக இசைக்கும் மேற்கத்திய இசைக்கும் பொதுவானது. ஆர்மோனியத்தில் ஒரு சட்சத்திலிருந்து அடுத்த சட்சத்துக்கு முன்பு வரை உள்ள வெள்ளை, கருப்புக் கட்டைகளை எண்ணினால் 12 வரும். கருநாடக இசையில் இவற்றிலிருந்து ஏழு சுரங்களைத் தேர்ந்தெடுத்தே 72 மேளகர்த்தா இராகங்களும் அமைகின்றன. சட்சமே அனைத்துக்கும் ஆதாரம். தம்புராவின் சுருதி அதனை இடைவிடாமல் நினைவூட்டுகிறது. மரபான மேற்கத்திய இசையிலும் ஏழு சுரங்கள் கொண்ட வரிசையும் அதற்கு ஓர் ஆதார சுரமும் உண்டு.

ஷோன்பெர்க் 1908ஆம் ஆண்டளவில் ஆதார சுரம் இல்லாத இசையை எழுதத் தொடங்கினார். ஆதாரம் இல்லாதபோது ஒரு நீண்ட படைப்பைத் தாங்கி நிறுத்துவது எது என்ற சிக்கல் எழுந்தது. அதற்கு அவர் கண்ட தீர்வே பன்னிரு சுர முறை. 1923இல் தமது மாணவர்களுக்கு அதனை விளக்கினார்.

இம்முறையில் இசையமைப்பாளர் 12 சுரத்தானங்களையும், ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே வருமாறு, தாம் விரும்பும் வரிசையில் அடுக்குகிறார். இதனைச் சுரத்தொடர் எனலாம். படைப்பு முழுவதும் இத்தொடரிலிருந்தே பிறக்கும். தொடருக்கு நான்கு வடிவங்கள் உண்டு:

- மூல வடிவம்.
- பின்னோக்கு வடிவம்: தொடரைக் கடைசியிலிருந்து முதல் வரை இசைப்பது.
- தலைகீழ் வடிவம்: மேலே ஏறிய ஒவ்வோர் இடைவெளியையும் அதே அளவு கீழே இறக்குவது.
- தலைகீழ் வடிவத்தின் பின்னோக்கு.

இந்நான்கையும் 12 சுரத்தானங்களில் எதிலிருந்தும் தொடங்கலாம் என்பதால் மொத்தம் 48 வடிவங்கள் கிடைக்கின்றன. சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மெட்டாகவும் இசைக்கலாம், பலவற்றை ஒரே நேரத்தில் சேர்த்து ஒத்திசையாகவும் ஒலிக்கலாம். இராகம் 12 சுரங்களில் சிலவற்றைத் தேர்ந்து, சிலவற்றை விலக்கி, ஒன்றை ஆதாரமாக்குகிறது. பன்னிரு சுர முறையோ எதையும் விலக்குவதில்லை, எதற்கும் தலைமை தருவதும் இல்லை.

இம்முறை வெறும் கணக்கு, இதில் உணர்ச்சிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டு தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆப்பெரா போன்ற நாடக வடிவத்துக்கு இது பொருந்துமா என்ற ஐயம் இன்னும் வலுவாக இருந்தது. ஆப்பெரா என்பது உரையாடல் உட்பட ஏறத்தாழ முழுவதும் பாடப்படும் நாடகம். தமிழகத்தில் இதே காலத்தில் செழித்த சங்கரதாஸ் சுவாமிகள் மரபின் இசை நாடகங்களை இதனோடு ஒப்பிடலாம். மதுரை, அருப்புக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் அம்மரபைச் சார்ந்தவை. ஆனால் அவற்றில் நடிகர்கள் மேடையிலேயே பாடலையும் பேச்சையும் விரித்துக்கொள்வர். ஆப்பெராவில் ஒவ்வொரு சுரமும் முன்னரே எழுதப்பட்டிருக்கும்.

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பன்னிரு சுர முறையில் எழுதப்பட்ட ஆப்பெராக்கள் மிகச் சிலவே. ஷோன்பெர்க்கின் ஓரங்க நகைச்சுவை ஆப்பெரா, இன்றிலிருந்து நாளை வரை, 1930இல் பிராங்பர்ட்டில் அரங்கேறியது. அவருடைய மோசேயும் ஆரோனும் 1932இல் இரண்டு அங்கங்களோடு நின்றுவிட்டது. எர்ன்ஸ்ட் கிரெனெக்கின் ஐந்தாம் கார்ல் வியன்னா அரசு ஆப்பெராவுக்காக எழுதப்பட்டு, அங்கே நிறுத்தப்பட்டு, 1938இல் பிராக் நகரில் அரங்கேறியது. நான்காவதாகக் குறிப்பிடத்தக்கது பெர்க்கின் லூலூ.

பெர்க்கும் பன்னிரு சுர முறையும்

பெர்க் இம்முறையை மெதுவாகவே ஏற்றார். 1925இல் ஒரு சிறு பாடலில் அதைச் சோதித்துப் பார்த்தார். 1926இல் முடித்த லிரிக் சூட் என்ற நரம்பிசைப் படைப்பின் சில பகுதிகளை அம்முறையிலும், மற்றவற்றைக் கட்டற்ற முறையிலும் எழுதினார்.

லிரிக் சூட்டைப் பற்றி நெடுநாள் மறைந்திருந்த ஒரு செய்தி உண்டு. 1925இல் பிராக் சென்ற பெர்க், தாம் தங்கிய வீட்டின் தலைவியான ஹன்னா ஃபுக்ஸ்-ரோபெட்டினிடம் காதல் கொண்டார். 1977இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் பெர்ல், பெர்க் தம் கைப்படக் குறிப்புகள் எழுதி ஹன்னாவுக்கு அளித்த அச்சுப்படி ஒன்றைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். தமது பெயரின் முதலெழுத்துகளான ஏ, பி ஆகியவற்றையும் ஹன்னாவின் முதலெழுத்துகளான எச், எஃப் ஆகியவற்றையும் ஜெர்மானிய முறையில் சுரப்பெயர்களாகக் கொண்டு பெர்க் படைப்பெங்கும் பின்னியிருந்தார். தமக்கு 23, ஹன்னாவுக்கு 10 என்ற எண்களே பகுதிகளின் அளவுகளைத் தீர்மானித்தன. கணக்கு மட்டுமே எனக் கருதப்பட்ட இசை உண்மையில் ஒரு காதல் கடிதமாக இருந்தது.

ஷோன்பெர்க்கிடமிருந்தும் வெபர்னிடமிருந்தும் பெர்க் வேறுபடும் இடம் இதுவே. விதியை அவர் மீறவில்லை. ஆனால் பழைய இசையின் இனிய ஒத்திசைகள் தாமாகவே எழும்படி சுரத்தொடரைத் தேர்ந்துகொண்டார்.

லூலூ

1905 மே 29 அன்று, 20 வயதான பெர்க் வியன்னாவில் ஒரு நாடகத்தைப் பார்த்தார். பிராங்க் வெடேகின்ட் எழுதிய பண்டோராவின் பெட்டி என்ற அந்நாடகம் தணிக்கைக்கு உள்ளானது. எனவே எழுத்தாளர் கார்ல் கிராவுஸ் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அதனை நடத்தினார். கொலைகாரன் ஜாக் வேடத்தில் வெடேகின்டே நடித்தார். 23 ஆண்டுகளுக்குப் பின், 1928இல், பெர்க் அதனையும் அதன் முன்கதையான மண்ணின் ஆவி என்ற நாடகத்தையும் இணைத்துத் தாமே ஆப்பெராவுக்கான உரையை உருவாக்கத் தொடங்கினார்.

லூலூ தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண். அவளை விரும்பும் ஆண்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு வெவ்வேறு பெயர் இடுகின்றனர். முதற்கணவரான மருத்துவ அதிகாரி அதிர்ச்சியில் இறக்கிறார். இரண்டாம் கணவரான ஓவியர் தற்கொலை செய்துகொள்கிறார். மூன்றாமவர் செய்தித்தாள் அதிபர் டாக்டர் ஷோன். பொறாமை கொண்ட ஷோன், தற்கொலை செய்துகொள்ளும்படி அவள் கையில் துப்பாக்கியைத் திணிக்க, அவள் அவரையே சுட்டுவிடுகிறாள். சிறை சென்ற அவளை, அவள்மீது உண்மையான அன்பு கொண்ட கெஷ்விட்ஸ் சீமாட்டி தன்னலம் கருதாது மீட்கிறாள். பாரிசில் பங்குச்சந்தை வீழ்ச்சியால் அனைவரும் செல்வம் இழக்கின்றனர். இலண்டனில் வறுமையில் உடலை விற்கும் நிலைக்கு வந்த லூலூவை ஜாக் கொல்கிறான். தடுக்க வந்த கெஷ்விட்ஸும் கொல்லப்படுகிறாள்.

இக்கதைக்கு பெர்க் கொடுத்த அமைப்பு வியப்புக்குரியது. லூலூவால் உயிரிழந்த மூன்று ஆண்களாக நடித்த அதே மூன்று பாடகர்கள், கடைசிக் காட்சியில் அவளிடம் வரும் மூன்று வாடிக்கையாளர்களாகத் தோன்றுகின்றனர். டாக்டர் ஷோனாகப் பாடியவரே ஜாக்காக வருகிறார். அவர்களுக்குரிய இசையும் திரும்பி வருகிறது. முற்பாதியில் மேலேறிய லூலூ, பிற்பாதியில் அதே வழியாகக் கீழே இறங்குகிறாள்.

இத்திருப்பத்தின் நடுப்புள்ளி இரண்டாம் அங்கத்தின் இரு காட்சிகளுக்கு இடையே உள்ளது. அங்கே ஓர் ஊமைப்படம் திரையிடப்பட வேண்டும் என்று பெர்க் எழுதினார். லூலூவின் கைது, விசாரணை, சிறை, பிறகு மருத்துவமனை, தப்பித்தல் ஆகியவை அதில் காட்டப்படும். அதற்கான இசை நடுவரை சென்று, அங்கிருந்து அப்படியே பின்னோக்கித் திரும்பி வருகிறது. தமிழில் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் மாலைமாற்று என்ற செய்யுள் வகை உண்டு. திருஞானசம்பந்தர் அவ்வகையில் பாடிய பதிகம் புகழ் பெற்றது. பெர்க் செய்தது இசையில் ஒரு மாலைமாற்று எனலாம்.

ஒரே சுரத்தொடரைக் கொண்டு மூன்று மணி நேர நாடகத்தில் பல பாத்திரங்களை வேறுபடுத்திக் காட்ட இயலாது. எனவே பெர்க் மூலத்தொடரிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தொடரைப் பிறப்பித்தார். எடுத்துக்காட்டாக, டாக்டர் ஷோனின் மகன் ஆல்வாவின் தொடர் கிடைக்கும் வழி பின்வருமாறு. மூலத்தொடரை மீண்டும் மீண்டும் சுற்றி எழுதி, முதல் சுரத்திலிருந்து ஒவ்வோர் ஏழாவது சுரத்தையும் எடுக்க வேண்டும். 1, 8, 3, 10, 5, 12, 7, 2, 9, 4, 11, 6 என்ற வரிசையில் சுரங்கள் வரும். 7க்கும் 12க்கும் பொதுக் காரணி இல்லாததால் எந்தச் சுரமும் விடுபடாது, இரட்டிக்கவும் செய்யாது. இவ்வாறு எல்லாப் பாத்திரங்களும் ஒரே குருதியிலிருந்து பிறந்தவர்களாகின்றனர். கேட்பவர் இதை எண்ணிப் பார்க்க இயலாது. ஆனால் மேடையில் வேறுபட்டு நிற்கும் மனிதர்களுக்கிடையே ஓர் உறவு இருப்பதைக் காது உணர்கிறது.

சாக்சபோன், வைப்ரபோன், பியானோ ஆகியவற்றுக்கு வாத்தியக் குழுவில் முதன்மை உண்டு. நாடக அரங்கில் நிகழும் காட்சியில் திரைமறைவில் ஒரு ஜாஸ் குழுவும் இசைக்கிறது.

நாசி ஆட்சியும் லூலூவும்

1933 ஜனவரியில் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான ஷோன்பெர்க் பெர்லின் கலைக்கழகப் பணியை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். பெர்க் யூதர் அல்லர். எனினும் ஷோன்பெர்க்கின் மாணவர் என்பதும், அவருடைய இசையின் புதுமையும் போதுமான குற்றங்களாயின. வோட்செக் ஜெர்மானிய அரங்குகளிலிருந்து மறைந்தது. பெர்க்கின் வருவாயில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்தே வந்ததால் அவர் கடும் பணமுடைக்கு ஆளானார். 1934இல் வோட்செக்கின் கையெழுத்துப் படியை அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்கு விற்றார்.

அதே ஆண்டு வசந்த காலத்தில் லூலூவின் இசை, சுருக்க வடிவில், இறுதி வரை எழுதி முடிக்கப்பட்டது. எஞ்சியது அதனை வாத்தியக் குழுவுக்குப் பிரித்து எழுதும் பணி. ஜெர்மனியில் ஆப்பெராவை அரங்கேற்ற வழியில்லை என்பது தெளிவானதால், அதிலிருந்து ஐந்து பகுதிகளைத் தொகுத்துக் கச்சேரிக்கு ஏற்ற லூலூ சூட்டை பெர்க் உருவாக்கினார். 1934 நவம்பர் 30 அன்று எரிக் கிளைபர் அதனைப் பெர்லினில் துணிந்து நிகழ்த்தினார். நாசி இதழ்கள் கடுமையாகத் தாக்கின. நான்கு நாட்களில் கிளைபர் பதவி விலகினார். விரைவில் நாட்டைவிட்டும் வெளியேறினார்.

வயலின் கான்செர்ட்டோ

1935இன் தொடக்கத்தில் அமெரிக்க வயலின் கலைஞர் லூயி கிராஸ்னர், பன்னிரு சுர முறையிலும் உள்ளத்தைத் தொடும் இசை எழுத முடியும் என்பதை மெய்ப்பிக்கும் ஒரு படைப்பை பெர்க்கிடம் வேண்டினார். 1,500 டாலர் ஊதியம் பேசப்பட்டது. பணம் தேவைப்பட்டதால் லூலூவை ஒதுக்கி வைத்து பெர்க் இசைந்தார். ஆனால் எழுதத் தொடங்கக் கரு கிடைக்கவில்லை. ஏப்ரல் 22 அன்று அல்மா மாலரின் மகள் மனோன் குரோப்பியஸ் இளம்பிள்ளை வாதத்தால் தமது 18ஆம் வயதில் இறந்தார். குழந்தைப் பருவம் முதல் அப்பெண்ணை அறிந்திருந்த பெர்க், கான்செர்ட்டோவை அவர் நினைவுக்கு உரியதாக்கினார். மெதுவாக எழுதும் இயல்புடைய அவர், ஆகஸ்ட் மாதத்துக்குள் அதனை முடித்தார்.

இதன் சுரத்தொடரை ஆர்மோனியத்திலேயே இசைத்துப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு கட்டையில் தொடங்கி, முறையே 3, 4, 4, 3, 3, 4, 4, 3, 2, 2, 2 கட்டைகள் என்ற அளவில் மேலேற வேண்டும். வெள்ளை, கருப்பு இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். முதல் ஒன்பது சுரங்களில் மேற்கத்திய மரபின் முக்கூட்டு ஒத்திசைகள் நான்கு அடங்கியுள்ளன. அவற்றின் அடிச்சுரங்கள் மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளின் சுரங்களேயாகும். கடைசி நான்கு சுரங்களைத் தனியே இசைத்தால், கல்யாணி இராக ஆரோகணத்தின் முதல் நான்கு சுரங்களின் இடைவெளிகள் கேட்கும். சாவை அமைதியாக ஏற்கும் ஒரு கிறித்தவ வழிபாட்டுப் பாடலின் தொடக்கமும் இதே இடைவெளிகளைக் கொண்டது. அப்பாடல் பாஃக்கின் 60ஆம் கான்டாட்டாவில் இடம்பெற்றது. கான்செர்ட்டோவின் இறுதிப் பகுதியில் பாஃக்கின் இசையமைப்பு அப்படியே ஒலிக்கிறது. 200 ஆண்டுப் பழமையான இசை, சுரத்தொடரின் விதியை முறிக்காமல் அதற்குள்ளிருந்தே எழுகிறது.

மறைவு

1935 ஆகஸ்டில் பெர்க்கை ஒரு பூச்சி கொட்டியது. முதுகில் கட்டி உண்டாகி, ஆறாமல் மீண்டும் மீண்டும் வந்தது. பணமுடையால் முறையான சிகிச்சை தள்ளிப்போனது. நோயோடு வியன்னா திரும்பிய அவர், டிசம்பர் 11 அன்று லூலூ சூட்டின் வியன்னா நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். லூலூவின் வாத்திய இசையை அவர் அரங்கில் கேட்டது அந்த ஒரு முறைதான். சில நாட்களில் குருதி நஞ்சானது. டிசம்பர் 17 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெனிசிலின் மருந்து நடைமுறைக்கு வராத காலம் அது. தமக்குரிய நாளாக அவர் நம்பிய 23ஆம் நாள் கடந்து, டிசம்பர் 24 அதிகாலையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 50. வியன்னாவின் ஹீட்சிங் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

வயலின் கான்செர்ட்டோ 1936 ஏப்ரல் 19 அன்று பார்சிலோனாவில், கிராஸ்னர் வாசிக்க, ஹெர்மன் ஷெர்ஷன் நடத்த, முதன்முறையாக ஒலித்தது.

மூன்றாம் அங்கத்தின் வரலாறு

பெர்க் இறந்தபோது லூலூவின் முதல் இரண்டு அங்கங்கள் நிறைவுற்றிருந்தன. மூன்றாம் அங்கத்தின் 1,300க்கும் மேற்பட்ட தாள அளவுகளில் முதல் 268க்கும், லூலூ சூட்டில் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கும் வாத்திய அமைப்பு எழுதப்பட்டிருந்தது. மற்றவை சுருக்க வடிவில் இருந்தன. அதாவது, இல்லாதது இசையன்று, வாத்தியப் பகிர்வு மட்டுமே.

ஹெலெனே பெர்க் முதலில் ஷோன்பெர்க்கை அணுகினார். இசைந்த ஷோன்பெர்க், மூன்றாம் அங்க உரையில் யூதரை இழிவுபடுத்தும் பகுதி இருப்பதைக் கண்டு மறுத்துவிட்டார். வெபர்னும் செம்லின்ஸ்கியும் ஏற்கவில்லை. 1937 ஜூன் 2 அன்று சூரிக் நகரில் முதல் இரண்டு அங்கங்களும், அவற்றின் பின் சூட்டின் இறுதிப் பகுதிகளும் மட்டும் அரங்கேறின. பிறகு ஹெலெனே தம் முடிவை மாற்றிக்கொண்டார். மூன்றாம் அங்கத்தின் கையெழுத்துப் படியை யாரும் பார்க்கவும் கூடாது என்று தடுத்தார். தமது உயிலிலும் அவ்வாறே எழுதினார்.

இதன் விளைவு கடுமையானது. பெர்க் கட்டிய மாலைமாற்று பாதியில் அறுந்தது. இறந்தவர்கள் வேறு உருவில் திரும்பி வருவதும், ஷோன் ஜாக்காக வருவதும் மேடையில் காணப்படவில்லை. ஆண்களை அழிக்கும் ஒருத்தியின் கதையாகவே ஆப்பெரா தோன்றியது. அவளை அழித்தவர்கள் யார் என்பதைச் சொல்லும் பகுதி பெட்டிக்குள் இருந்தது.

ஜார்ஜ் பெர்ல், மூன்றாம் அங்கத்தைப் பெர்க்கின் குறிப்புகளைக் கொண்டே நிறைவு செய்ய இயலும் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பதிப்பகமான யூனிவர்சல் எடிஷன், ஹெலெனேக்குத் தெரியாமல், ஆஸ்திரிய இசையமைப்பாளர் பிரீட்ரிக் செர்ஹாவிடம் பணியை ஒப்படைத்தது. 1962இல் தொடங்கிய அவர் 1974 வரை அதில் உழைத்தார். 1976இல் ஹெலெனே காலமானார். சட்டத் தடைகளைக் கடந்து, 1979 பிப்ரவரி 24 அன்று பாரிஸ் ஆப்பெராவில் பியர் பூலேஸ் நடத்த, பாட்ரிஸ் ஷெரோ இயக்க, தெரேசா ஸ்டிராட்டாஸ் லூலூவாகப் பாட, மூன்று அங்கங்களும் முதன்முறையாக அரங்கேறின.

மனைவியின் விருப்பத்தை மீறியது சரியா என்ற கேள்வி அன்று எழுப்பப்பட்டது. எனினும் பெர்க் எழுதியதை அவர் எழுதியபடி கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் உலகுக்குக் கிட்டியது. இன்று மூன்று அங்க வடிவமே பரவலாக நிகழ்த்தப்படுகிறது.

மதிப்பீடு

பெர்க் எழுதியவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர் தாமே படைப்பு எண் இட்டவை ஏழு மட்டுமே. ஆயினும் இரண்டாம் வியன்னா இசைப்பள்ளியினரில் பொது ரசிகர்களை மிகுதியாக அடைந்தவர் இவரே. விதிகள் கடுமையாகும்போது உணர்ச்சி வற்றிவிடும் என்ற கருத்துக்கு இவருடைய படைப்புகள் மறுப்பாக நிற்கின்றன. வெண்பாவின் தளைகள் கவிஞனின் துயரத்தைத் தடுப்பதில்லை என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். பன்னிரு சுர முறையும் அத்தகைய ஒரு யாப்பே என்பதை லூலூவும் வயலின் கான்செர்ட்டோவும் காட்டுகின்றன. பெர்க்கின் இசையை முதன்முறையாகக் கேட்பவர்கள் வயலின் கான்செர்ட்டோவில் தொடங்கி, பிறகு வோட்செக்குக்கும் லூலூவுக்கும் செல்வது எளிது.

முக்கிய படைப்புகள்

- பியானோ சொனாட்டா, படைப்பு எண் 1
- நரம்பிசை நால்வர் குழுப் படைப்பு, படைப்பு எண் 3 (1910)
- ஆல்டன்பெர்க் பாடல்கள், படைப்பு எண் 4 (1912)
- வாத்தியக் குழுவுக்கான மூன்று படைப்புகள், படைப்பு எண் 6 (1915)
- வோட்செக், படைப்பு எண் 7, ஆப்பெரா (எழுதி முடித்தது 1922, அரங்கேற்றம் 1925)
- அறை இசைக் கான்செர்ட்டோ (1925)
- லிரிக் சூட் (1926)
- திராட்சை மது, தனிப்பாடலும் வாத்தியக் குழுவும் (1929)
- லூலூ சூட் (1934)
- வயலின் கான்செர்ட்டோ (1935)
- லூலூ, ஆப்பெரா (1928 - 1935, இரண்டு அங்கங்கள் 1937, முழுமையாக 1979)